கவிழ்த்து வைத்தவன்

சீட்டைக் கவிழ்த்து வைக்கும்போது அவன் சத்தம் வராமல் வைப்பான். மற்றவர்களைப்போல் தூக்கி எறியமாட்டான், சலித்துக்கொள்ளமாட்டான். ஐந்து சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பை விரலால் தட்டிச் சரிசெய்து, பாயின்மேல் கவிழ்த்துவிட்டு, இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொள்வான். அந்தக் கை துடைப்பதுதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது. மற்றதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டது.

ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியில் நான் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். அவன் அதே கம்பெனியில் டைம் கீப்பர். பஸ் ஸ்டேஷனில் ஒரு மரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது அவன் வேலை. எழுபதுகளின் நடுப்பகுதி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதைத் தொடவில்லை. அவன் தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஆள். நான் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அம்மாவையும் தங்கை சரசுவையும் கூட்டிக்கொண்டு ஈப்போவிலேயே புந்தோங்கில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். சரசு தையல் ஃபேக்டரியில் வேலை செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு ஹாலில் சீட்டு நடக்கும். நான், டிரைவர் மணியம், பக்கத்து வீட்டில் யாராவது ஒருவர். ரம்மிதான் ஆடுவோம். ஒரு ஞாயிறு மணியம் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரு மணி நேரம் பேசாமல் எங்களோடு ரம்மி ஆடினான். பிறகு, "போக்கர் தெரியுமா மச்சான்?" என்று கேட்டான்.

படத்தில் வெள்ளைக்காரன் சுருட்டு குடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். அவன் சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கு ஐந்து சீட்டு. முதலில் ஒரு சுற்று பந்தயம். பிறகு வேண்டாத சீட்டைக் கீழே போட்டுவிட்டு அத்தனையே புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மறுபடியும் ஒரு சுற்று பந்தயம். கடைசிவரை நிற்பவர்கள் சீட்டைத் திறக்க வேண்டும். ஒரு ஜோடியைவிட இரண்டு ஜோடி பெரிது, அதைவிட ஒரே மாதிரி மூன்று, அதைவிட வரிசையாக ஐந்து, அதைவிட ஒரே ஜாதியில் ஐந்து. மேலே இன்னும் உண்டு, அதெல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். பந்தயத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு மைலோ டின் நிறைய ரப்பர்க் கொட்டை இருந்தது. ஆளுக்கு நாற்பது பிரித்துக்கொண்டோம்.

முதல் ஞாயிறு எங்கள் எல்லாக் கொட்டையும் அவன் பக்கம் போய்விட்டது. நான் அதை அதிர்ஷ்டம் என்றேன்.

"பத்து ஆட்டத்துல நான் எத்தன ஆட்டம் ஆடுனேன், எண்ணுனியா?" என்று கேட்டான்.

எண்ணவில்லை.

"மூனு. ஏழு தடவ கவுத்து வெச்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் பத்தும் ஆடுனீங்க. ஜாக் ஜோடிகூட இல்லாம எதுக்குலா உள்ள போறீங்க? ஆட்டம்னா ஆடித்தான் ஆகணும்னு யாரு சொன்னா?"

எண்ணுனியா என்பதுதான் அவன் வாய்ச்சொல். அன்றைக்கு ஒரு ஆட்டத்தில் மணியத்துக்கு ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது வந்திருந்தது. நடுவில் ஏழு வந்தால் வரிசை சேர்ந்துவிடும். உள்ளே பத்துக் கொட்டை கிடந்தது. நின்று சீட்டு வாங்க வேண்டுமென்றால் மணியம் மூன்று போட வேண்டும். போட்டான். ஏழு வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் இவன் மணியத்தின் சீட்டைத் திருப்பிப் பாயில் பரப்பினான்.

"ஒன் கையில அஞ்சு. மிச்சம் நாப்பத்தேழு கார்டு ஒனக்குத் தெரியாது. அதுல ஏழு எத்தன? நாலு. அப்ப பன்னெண்டு தடவ வாங்குனா ஒரு தடவ வரும். மூனு போடுறேன்னா உள்ள முப்பத்து மூனாச்சும் கெடக்கணும். பத்துதான கெடந்துச்சு. பத்துக்கு ஆசப்பட்டு மூனு போடுறது தர்மம் பண்றதுலா, ஆட்டம் இல்ல."

"வந்திருந்தா?" என்றான் மணியம்.

"வந்திருந்தாலும் நீ செஞ்சது தப்புதான்."

அது எனக்குப் புரியவே இல்லை. வந்திருந்தாலும் தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அவன் அப்படித்தான். ஒரே ஜாதியில் நான்கு இருந்து ஐந்தாவது வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு தடவை வரும். போடுவதைப்போல் நான்கு மடங்குக்குமேல் உள்ளே கிடந்தால் நில், இல்லாவிட்டால் கவிழ்த்து வை. இரண்டு ராணி வந்தால் கூட இருக்கும் ஏஸைப் பெருமைக்காகப் பிடித்துக்கொண்டிருக்காதே, மூன்று சீட்டையும் மாற்று. மாற்றினால் எட்டில் ஒரு தடவை மூன்று ராணியோ அதற்கு மேலோ ஆகும், ஏஸைப் பிடித்திருந்தால் பன்னிரண்டில் ஒரு தடவைதான். கடைசியாகப் பேசுபவனுக்குத்தான் பலம், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம். முதலில் பேச வேண்டியவன் நல்ல கை இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. ஏற்கெனவே போட்டது உன்னுடையது அல்ல, அதை நினைத்து இன்னும் போடாதே. இதெல்லாம் சரியான பாடம்தான். இன்றைக்கும் யாராவது போக்கர் பழக வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். அவன் சொன்னது எதுவும் தவறாகிப் போகவில்லை என்பதுதான் அவன்மேல் எனக்குள்ள ஆத்திரத்தில் பாதி.

அந்தக் கணக்கை அவன் பாயோடு சுருட்டி வைத்துவிட்டுப் போவதில்லை.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரை படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன் என்று வாத்தியார்களே சொல்லியிருக்கிறார்கள். கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்து, எல்லாப் பாடத்திலும் தனக்கு எவ்வளவு வரும் என்று பார்த்தானாம். மலாய்ப் பாடம் தேறாது என்று தெரிந்ததும் பரீட்சைக்கே போகவில்லை. இதை எங்களிடம் வெட்கமில்லாமல் சொன்னான்.

"எழுதிப் பாத்திருக்கலாமே," என்றாள் அம்மா, அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தபடி.

"எதுக்குமா? பீஸு வேஸ்ட். தெரிஞ்சதுதான."

அவன் அப்பா நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம். வாரம் மூன்று நாள் நம்பர் எடுப்பார். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், மாட்டு வண்டி குடைசாய்ந்தால் ஒரு நம்பர். அவன் அம்மாவின் தாலியில் இருந்த குண்டுமணித் தங்கம்கூடத் தெலுக் இந்தான் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. "பத்தாயிரம் நம்பர்ல மொதப் பரிசு நம்பர் ஒன்னுதான் மச்சான். இத அவருகிட்ட எட்டு வயசுல சொன்னேன். அறஞ்சாரு," என்று ஒருநாள் சொன்னான். இதைக் கேட்டால் அவன்மேல் இரக்கம் வர வேண்டும். மணியத்துக்கு வந்தது. எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் வந்தது என்பதை மறைக்கவில்லை. இப்போது இல்லை. குடிகாரன் வீட்டிலும் சூதாடி வீட்டிலும் பிறந்த எத்தனையோ பேர் மனிதர்களாக வளர்ந்திருக்கிறார்கள்.

அந்த வருடம் கம்பெனியில் ஒரு கண்டக்டரைக் காரணமில்லாமல் நிறுத்தினார்கள். டிரைவர்களும் ஒர்க்‌ஷாப்பும் சேர்ந்து வேலை நிறுத்தம் செய்தோம். முதல் நாள் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவன் எங்களைத் தாண்டிக்கொண்டு கூண்டுக்குள் போய் விளக்கைப் போட்டான். டிரைவர் இல்லாமல் ஒரு வண்டியும் ஓடாத நாளில் அவன் டைம் எழுத உட்கார்ந்திருந்தான்.

நான் கூண்டு ஜன்னலுக்குப் போய், "என்ன மச்சான் இது?" என்றேன்.

"நூத்தி இருவது பேருல நாப்பது பேருதான் வெளிய இருக்கீங்க. நாலாவது நாளு பாதிப் பேரு உள்ள வந்துருவாங்க. இது ஆகாத கையி," என்றான். குரலில் பகை இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னான்.

நான்காவது நாள் பாதிப் பேர் உள்ளே போனார்கள். ஆறாவது நாள் நானும் போனேன். மணியத்தை ஆறு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த ஞாயிறு வழக்கம்போல் இவன் வந்தான், செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தான், பாயில் உட்கார்ந்தான். மணியம் அடிப்பான் என்று நினைத்தேன். மணியம் அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கார்டு போடுலா," என்றான். மணியத்தின் குணம் அது. எனக்கு அந்த மதியம் முழுவதும் ஒரு கொட்டைகூட நேராக எண்ண வரவில்லை.

சரசு ஆட்டத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதுவரை அடுப்படி வாசலில் நின்று பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் வராத ஒருநாள் அவளாகவே நான்காவது ஆளாக உட்கார்ந்தாள். அம்மா முணுமுணுத்தாள். அவன் மட்டும், "உக்காரட்டும்மா, ரப்பர்க் கொட்டதான," என்றான்.

இரண்டு மாதம் அவள் அவன் சொன்ன மாதிரியே ஆடினாள். கவிழ்த்தாள், எண்ணினாள், நல்ல கை வந்தால் மட்டும் போட்டாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, உள்ளே கொஞ்சம் நிறையவே கிடந்தது, அவனும் அவளும் மட்டும் நின்றார்கள். அவன் இரண்டு சீட்டு வாங்கினான். "எனக்கு வேணாம்," என்றாள் சரசு. ஒரு சீட்டுகூட மாற்றவில்லை, ஐந்தும் சேர்ந்த பெரிய கை இருப்பவர்தான் அப்படி நிற்பார். மாற்றாமல் பதினைந்து கொட்டையை நகர்த்தி வைத்தாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். உதடு அசைந்தது. எண்ணுகிறான். பிறகு அடுக்கினான், தட்டினான், கவிழ்த்தான். மணியம் பொறுக்காமல் அதைத் திருப்பிப் பார்த்தான். மூன்று ராஜா.

சரசு தன் சீட்டைத் திறந்தாள். ரெண்டு, நாலு, அஞ்சு, ஒன்பது, ஜாக். ஒன்றுமே இல்லை.

"தெம்பராங்," என்று மணியம் பாயில் அறைந்து சிரித்தான். எங்கள் பக்கம் பொய்யாக மிரட்டுவதற்கு அதுதான் சொல். அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "நான் சரியாத்தான் எண்ணுனேன். நீ இதுவரைக்கும் பொய் ஆடுனதே இல்ல. அதையும் சேத்துத்தான் எண்ணுனேன்," என்றான்.

"மணியண்ணேகிட்ட பொய் சொல்லிப் பிரயோஜனமில்ல, அவரு எந்தக் கையையும் கவுத்து வெக்கமாட்டாரு. ஒங்ககிட்டதான் சொல்லலாம்," என்றாள் சரசு.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த மாதம் அவனே அம்மாவிடம் பேசினான். சுற்றி வளைக்கவில்லை. சம்பளம் இவ்வளவு, அம்மாவுக்கு அனுப்புவது இவ்வளவு, குடி இல்லை, வேறு பழக்கம் இல்லை என்று வரிசையாகச் சொன்னான். அம்மாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. கூண்டில் விளக்கு எரிந்த அந்தக் காலையைச் சொல்லியிருக்கலாம். நானும்தானே ஆறாவது நாள் உள்ளே போனேன். சரசுவைக் கேட்டேன். "சரிண்ணே," என்றாள். அந்தச் சரியில் இருந்த சந்தோஷத்தை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீபாவளி கழித்து வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று முடிவானது. தீபாவளிக்கு முன்னாலேயே ஃபேக்டரி மாடிப்படியில் சரசு மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். முதலில் சோகை என்றார்கள். பிறகு ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சிறு வயதில் தோட்டத்தில் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தாளே, அந்தக் காய்ச்சல் இருதயத்து வால்வைச் சுருக்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் நெஞ்சைத் திறப்பது என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்போதே ஒப்பாரிக்குத் தயாராகிவிட்டார்கள். கோலாலம்பூரில் டாக்டரைப் பார்க்க சரசுவோடு அம்மாதான் போனாள். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, மலாயும் பாதிதான். டாக்டர் சொன்னதைச் சரசுதான் கேட்டு வந்து எங்களுக்குச் சொன்னாள். "பண்ணித்தான் ஆகணுமாம்," என்றாள். அதற்குமேல் நாங்களும் கேட்கப் பயந்தோம்.

அவன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தான். சரசுவோடு தனியாகப் பேச வேண்டும் என்றான். நான் வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தவன் என்னைத் தாண்டும்போது, "வாரேன் மச்சான்," என்றான். இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனான். நான் பார்த்தேன். பார்த்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. மணியம் மட்டும் வந்து பாயில் உட்காராமல் நின்றான். "அவன் அம்மா ஒத்துக்கலையாம். ஒன்கிட்ட சொல்லச் சொன்னான்," என்றான். அவன் கடலோரத்து லூமுட் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான் என்பதையும் மணியமே சொன்னான்.

திங்கட்கிழமை நான் கூண்டுக்குப் போனேன். மத்தியான நேரம், சனம் நின்றுகொண்டிருந்தது. அவன் என்னைக் கண்டதும் பேனாவை மூடி வைத்தான்.

"நீயே வந்து சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"சொல்லியிருக்கணும்தான்."

"அம்மா ஒத்துக்கலன்னா சொன்ன? ஒங்கம்மாவ நீ என்னிக்குலா கேட்டிருக்க?"

பேனாவைத் தள்ளி வைத்தான். பிறகு, "அது சும்மா சொன்னது. நான்தான் முடிவு பண்ணேன். என்னால ஆகாது மச்சான். நான் பொய்யா நிக்க விரும்பல. கல்யாணம் பண்ணிக்கிட்டு, அப்புறம்..." என்று நிறுத்தினான். "இதுல இன்னும் போடறதுல அர்த்தம் இல்ல."

போடறதுல என்றுதான் சொன்னான். வேறு வார்த்தை அவனுக்கு வரவில்லை.

நான் அவனை அடிக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவன் முன்னால் விரிந்து கிடந்த டைம் புத்தகத்தைப் பிடுங்கி எதிரே இருந்த சாக்கடையில் எறிந்தேன். சனம் ஒதுங்கியது. அவன் கூண்டைவிட்டு வெளியே வந்தான், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான், சாக்கடையில் இறங்கினான். புத்தகத்தை எடுத்து வந்து பலகையில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பெனியில் புகாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும். அதைக்கூட ஒரு நன்றியாக நான் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

ஆபரேஷன் பிப்ரவரியில் நடந்தது. சரசு பதினெட்டு நாளில் வீடு திரும்பினாள். இடது மார்புக்குக் கீழே முதுகுவரை ஒரு தழும்பு, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் மூச்சு முட்டாமல் மாடிப்படி ஏறினாள். அம்மா வேண்டுதல் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டே அவனைத் திட்டினேன். அன்றாடம் திட்டுவதுதான். அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லாததால் வார்த்தை கொஞ்சம் மோசமாக இருந்தது.

சரசு தண்ணீர் செம்பைக் கீழே வைத்தாள். "அண்ணே, அவரு கேட்டப்ப நான் உண்மையச் சொல்லல."

"எதக் கேட்டப்ப?"

"டாக்டரு என்ன சொன்னாருன்னு கேட்டாரு. பாதிக்குப் பாதிகூட இல்லன்னு சொல்லிட்டாருன்னேன். ஆபரேஷன் முடிஞ்சாலும் ரொம்ப நாளு தாங்காதுன்னேன்."

"டாக்டரு அப்படியா சொன்னாரு?"

"இல்ல. பயப்பட ஒன்னுமில்ல, நெறைய பேருக்குப் பண்ணியிருக்கேன், ஒன்ன மாதிரி வயசுப் புள்ளைங்க நல்லா ஆயிருவாங்க, கல்யாணம்கூடப் பண்ணிக்கலாம்னாரு."

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "பின்ன ஏன்லா அப்படிச் சொன்ன?"

"பாக்கணும்னு இருந்துச்சு."

"அவன் ஒன்னோடயே இருக்கேன்னு சொல்லியிருந்தா?"

"அப்பவே உண்மையச் சொல்லியிருப்பேன்." அவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் நெனச்சேண்ணே, அவரு டாக்டரப் போயி பாப்பாருன்னு. எதையும் எண்ணாம விடமாட்டாரே. கோலாலம்பூருக்கு கம்பெனி பஸ்ஸுல அவருகிட்ட டிக்கெட் காசுகூட வாங்கமாட்டாங்க, சும்மா போலாம். போயி கேட்டுட்டு வந்து, ஏன் பொய் சொன்னேன்னு என்னத் திட்டுவாருன்னு நெனச்சேன். மணியண்ணே வந்து சொன்னப்புறமும் ரெண்டு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. நெஞ்சைத் திறக்கப் போகிற ஒரு பெண், அந்த நேரத்தில் விளையாடுகிற விளையாட்டா அது? ஆனால் அந்தக் கோபம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அவன்மேல் இருந்தது இரண்டு மடங்கானது. மூன்று ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு உதடு அசைய எண்ணினான், எங்கள் வேலை நிறுத்தத்தில் தலை எண்ணினான், ரப்பர்க் கொட்டைக்குக்கூட நாற்பத்தேழு சீட்டை எண்ணினான். என் தங்கைக்கு மட்டும் எண்ணவில்லை. விலகிப்போக ஒரு காரணத்துக்குத்தான் அவன் காத்திருந்தான் என்று நான் முடிவு செய்தேன். பயந்துவிட்டான், பயத்தில் கணக்கு மறந்துவிட்டான் என்று மணியம் சொன்னான். பயந்தவன் கையைத் துடைத்துக்கொண்டா போவான் என்று கேட்டேன். "கை வேத்திருக்கும்லா," என்றான் மணியம். மணியத்தோடு பேசி இந்த விஷயத்தில் ஒரு பயனும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து சரசுவுக்குப் பாகான் செராயில் மில்லில் கணக்கெழுதும் ஒரு கிராணியோடு கல்யாணம் ஆனது. நல்ல மனிதர். தழும்பைப் பற்றி முன்னாலேயே சொன்னோம். "எனக்கு முட்டி வலி இருக்கு," என்று பதில் சொன்னவர். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் லூமுட் பாதையில் எங்கள் வண்டி ஒன்று கியர் பாக்ஸ் உடைந்து நின்றுவிட்டது. நான் ஆளோடு போய் அதைச் சரிசெய்து, பெர்ரி நிற்கிற ஜெட்டி வரை ஓட்டிப் பார்த்தேன். அங்கே கம்பெனி டிக்கெட் கூண்டில் அவன் உட்கார்ந்திருந்தான். முன் தலையில் முடி கொட்டியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தான். பாங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"சொகமா மச்சான்?" என்றான்.

"இருக்கேன்."

"அம்மா?"

"இருக்காங்க."

அவன் கேட்கப் போவது எனக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், மறுபடி போட்டுக்கொண்டான். "நீ கல்யாணம் பண்ணிக்கிட்டியா?" என்று நானே கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான்.

பிறகு கேட்டான். "சரசுவுக்கு... ஆபரேஷன் பண்ணாங்களா?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. வழி நெடுக இதற்காக எதையும் தயார் செய்துகொண்டு வரவும் இல்லை. "பண்ணாங்க. தாங்கல," என்றேன்.

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன். நான் தேடியது ஒன்றே ஒன்று. நல்லவேளை, தப்பித்தோம் என்ற அந்தச் சின்ன நிம்மதி. கணக்கு சரியாக வந்தவனின் நிம்மதி. அது ஒரு நொடி வந்து போயிருந்தாலும் போதும், ஜெட்டி என்றும் பாராமல் அன்றைக்கு அவனை அடித்திருப்பேன். வரவில்லை. அவன் முகத்தில் எதுவுமே வரவில்லை. பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் டாக்டரப் போயி பாத்திருக்கணும்," என்றான். யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது. கம்பியை விடாமலே, "சரசு என்னப் பத்திக் கேட்டுச்சா?" என்றான்.

"இல்ல."

கூண்டு ஜன்னலில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி டிக்கெட்டுக்குக் கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. நான் கிளம்பினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவன் ஓடி வந்தான். எதிரே இருந்த கருவாட்டுக் கடையில் வாங்கிய நெத்திலி, காகிதப் பையில் ஒரு கிலோ இருக்கும். "அம்மாவுக்கு," என்று என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் திரும்பி நடந்தபோது கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெர்ரி இன்னும் கிளம்பவில்லை, எனக்கும் அவசரம் இல்லை. நான் என்ஜினை ஸ்டார்ட் செய்தேன்.

வழியில் சித்தியவான் ஊரைத் தாண்டியதும் பையை வெளியே எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். எறியவில்லை. பள்ளி விடுமுறைக்குச் சரசு பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். பையை வாங்கிப் பார்த்து, "நல்ல நெத்திலியா இருக்கே, யாரு குடுத்தா?" என்றாள்.

அம்மா ஹாலில் பேத்திகளோடு இருந்தாள். நான் குரலைத் தணித்து, லூமுட்டில் அவனைப் பார்த்ததைச் சொன்னேன். சரசு முறத்தை எடுத்துவந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்து நெத்திலியைக் கொட்டினாள். இரண்டு மூன்று தலையைக் கிள்ளிய பிறகு, நிமிராமல், "என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாராண்ணே?" என்றாள்.

"ஒன்னும் கேக்கல," என்றேன்.

"சரி," என்றாள்.

அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அன்றைக்கு அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு நான் அந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் நின்றது நினைவிருக்கிறது. உள்ளே பிள்ளைகள் அம்மாவோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரசு ஒவ்வொரு நெத்திலியாக எடுத்து, தலையைக் கிள்ளி ஒரு பக்கமும் உடலை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கிலோவும் முடியும்வரை அவள் தலை நிமிரவே இல்லை.